ஏகமனதாக இறந்த நாய்

மனிதகுலத்துக்கு நன்மை செய்தவர்களின் பட்டியலில் முதலிடம் சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்கு. இரண்டாமிடம் நெருப்பை மூட்டியவருக்கு. மூன்றாமிடம், டோல்கரா பள்ளத்தாக்குக் கரும்பு விவசாயிகள் சங்கத்தின் தலைவர் அகஸ்டஸ் டிரெத்தோவனுக்கு. முதல் இருவரின் பெயர் யாருக்கும் தெரியாது. மூன்றாமவரின் பெயர் கல்லில் இருக்கிறது.

அந்தக் கல் நிற்பது டிரெத்தோவன் பாலத்தின் முகப்பில். பாலத்துக்குப் பெயர் வந்தது அகஸ்டஸின் தந்தை ஜோஷுவாவால். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பள்ளத்தாக்கில் முதல் கரும்பை நட்டவர் அவர். ஒரு மழைக்காலத்தில் அவருடைய பாரவண்டி பழைய மரப்பாலத்தை உடைத்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஜோஷுவா மறுநாள் காலை தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்கு வந்து, "உடைச்சது நான்தான்" என்றார். தன் கையாலேயே புதுப் பாலம் கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து குயின்ஸ்லாந்தின் வடபகுதி முழுவதும் டிரெத்தோவன் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி தேவைப்பட்டதில்லை. ஜோஷுவாவின் படம் சங்கக் கட்டடத்தில் தலைவர் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. அகஸ்டஸ் கூட்டம் நடத்தும்போதெல்லாம் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், பின்னாலிருந்து தந்தை பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

1935ஆம் ஆண்டில் பள்ளத்தாக்குக்கு ஒரு பகை வாய்த்திருந்தது. சாம்பல் முதுகு வண்டு. வண்டு கரும்பின் உச்சியில் உட்கார்ந்து தோகையைத் தின்றது. அதன் பிள்ளையான வெண்புழு மண்ணுக்கடியில் வேரைத் தின்றது. நடுவிலிருந்த தண்டை மட்டும் பெருந்தன்மையோடு விவசாயிக்கு விட்டுவைத்தன. வேரில்லாத தண்டு தானாகச் சாய்ந்தது.

இந்த நெருக்கடியில்தான் பூச்சி ஆராய்ச்சியாளர் லெனாக்ஸ் பீபிள்ஸ் சங்கத்துக்கு வந்து சேர்ந்தார். வயது இருபத்தாறு. ஹவாய்த் தீவிலிருந்து வரவழைத்த ஒரு தேரையைக் கண்ணாடிச் சாடியில் வைத்து மேசைமேல் நிறுத்தினார். கைப்பிடிச் சோற்றுருண்டை அளவு இருந்த அது, கூட்டத்தைத் தலைவரைப் போலவே அசையாமல் பார்த்தது.

"ஒரு கூண்டுல பத்து வண்டு விட்டேன். ஒரு தேரை விட்டேன்" என்றார் பீபிள்ஸ். "காலையில பார்த்தா வண்டு பூஜ்யம். தேரை ஒண்ணு."

அரங்கம் அதிரக் கைதட்டல். அறிவியல் இவ்வளவு எளிமையாக அதற்குமுன் டோல்கராவுக்கு வந்ததில்லை.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பத்திஸ்தா கொராடினி. இத்தாலியிலிருந்து கரும்பு வெட்ட வந்து, பிறகு டிரெத்தோவன் நிலத்துக்குப் பக்கத்திலேயே சொந்த நிலம் வாங்கியவர்.

"ஐயா, கூண்டுக்குள்ள கரும்பை வெச்சீங்களா?"

"கரும்பு எதுக்கு?"

"வண்டு கரும்போட உச்சியில இருக்கு. பத்தடி உசரம். இந்தத் தேரை எவ்வளவு உசரம் தாவும்?"

"அது தனி ஆராய்ச்சி."

"புழு மண்ணுக்குள்ள ஒரு முழ ஆழத்துல கிடக்கு. தேரை தோண்டுமா?"

"அதுவும் தனி ஆராய்ச்சி."

"அப்ப மேலேயும் எட்டாது, கீழேயும் எட்டாது. நடுவுல உட்கார்ந்து அது என்னத்தைத் திங்கும்?"

அகஸ்டஸ் மரச்சுத்தியலால் மேசையைத் தட்டினார். "விதி பதினேழு. நிகழ்ச்சி நிரல்ல இல்லாத கேள்வி கேள்வியே இல்ல. உங்க ஊர்ல எப்படியோ கொராடினி, இங்க கூட்டத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு."

"எங்க ஊரா? நான் இங்க வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, தலைவரே. குடியுரிமை வாங்க எட்டு வருஷம் நடந்தேன். இந்தத் தேரை நேத்துதான் கப்பல்ல வந்துச்சு. சாடியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டீங்களே!"

செயலாளர் ஹோரஸ் கிம்பர் நேர்மையான மனிதர். எதையும் விடாமல் பதிவேட்டில் எழுதுபவர். அன்று இப்படி எழுதினார்: "திரு. கொராடினி தேரையின் உணவுப் பழக்கம் குறித்து ஆர்வம் தெரிவித்தார்." தேரைகளை வரவழைக்கும் தீர்மானத்தைத் தலைவரே முன்மொழிந்தார். நிறைவேறியது.

வீட்டில் மருமகள் ஐவி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கொல்லையில் பன்னிரண்டு பெட்டிகளில் தேனீ வளர்ப்பவள். பெரியவரிடம் பயமில்லாமல் பேசும் ஒரே ஆள்.

"தேரைக்கு ஏணியும் சேர்த்து வாங்கறீங்களா மாமா?"

"அம்மா ஐவி, இது விஞ்ஞானம்."

"சரி மாமா. விஞ்ஞான ஏணியா வாங்குங்க."

அறுபது தேரைகள் ஈர மரத்தூள் நிரப்பிய பெட்டியில், ஆலையின் கரும்பு ரயிலில் வந்து இறங்கின. பாலத்தடியில் ஓடையோரம் மேடை போட்டிருந்தார்கள். ஆலையின் பித்தளை வாத்தியக்குழு அரசர் கீதம் வாசித்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அகஸ்டஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். ஹோரஸ் எழுதினார்: "தேரைகள் கீதம் முடியும்வரை மரியாதையுடன் அசையாதிருந்தன." கீதம் முடிந்த பிறகும் அசையவில்லை. அன்றைய உரையில் அகஸ்டஸ் அவற்றை "நமது ஊதியமில்லாப் படைவீரர்கள்" என்று அழைத்தார். அந்தி சாய்ந்ததும் படைவீரர்கள் மேடைக்கடியில் போய், விளக்கொளிக்கு வந்த ஈசல்களைத் தின்றார்கள். கரும்பு வயல் ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பயணக் களைப்பு என்று பீபிள்ஸ் விளக்கினார்.

களைப்பு தீர்ந்ததும் முட்டையிட்டன. ஒரு தேரைக்கு முப்பதாயிரம் முட்டை என்று பீபிள்ஸ் சொல்லியிருந்தார். அவர் சொன்னவற்றில் சரியாக வந்தது அது ஒன்றுதான்.

ஒன்றரை ஆண்டில் பள்ளத்தாக்கில் காலணியை உதறாமல் யாரும் மாட்டுவதில்லை என்றாயிற்று. தண்ணீர்த் தொட்டிக்கடியில் தேரை. குளியலறையில் தேரை. மாதாகோவிலின் ஞானஸ்நானத் தொட்டியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. பாதிரியார் அதற்கு வழிவிட்டு வாளியில் ஞானஸ்நானம் கொடுத்தார். பொழுது சாயும் நேரத்தில் ஐவியின் தேனீப் பெட்டிகளுக்கு முன்னால் தேரைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன, சினிமாக் கொட்டகையில் முன்வரிசை பிடித்தவர்களைப் போல. திரும்பி வரும் தேனீ ஒவ்வொன்றையும் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டன. ஐவி பெட்டிகளைக் கால் நட்டு உயர்த்தினாள்.

"ரெண்டே அடி உசரம் வெச்சேன் மாமா. அதுக்கப்புறம் ஒண்ணால ஒரு தேனீயைத் தொட முடியல."

"நல்ல யோசனை."

"கரும்பு எத்தனை அடி மாமா?"

அகஸ்டஸ் பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அது நேற்றைய பத்திரிகை.

இரண்டாம் ஆண்டு அறிக்கையை அவரே எழுதினார். அதைப் போலத் தெளிவான ஆவணம் சங்க வரலாற்றில் இல்லை. "ஒன்று: வண்டுகள் அனைத்தும் கரும்பின் உச்சிக்கு விரட்டப்பட்டுவிட்டன. இரண்டு: வெண்புழுக்கள் அச்சத்தால் மண்ணுக்கடியில் பதுங்கியுள்ளன. மூன்று: படைவீரர்களின் எண்ணிக்கை திருப்திகரம்." வண்டும் புழுவும் அதற்குமுன் எங்கே இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. பத்திஸ்தா கேட்க எழுந்தார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

அதே கூட்டத்தில்தான் பாலத்தின் முகப்பில் கல் நாட்ட முடிவாயிற்று. வாசகத்தைத் தலைவரே எழுதிக் கொடுத்தார். தற்பெருமை பேசும் குடும்பமல்ல என்பதால் சுருக்கமாகவே எழுதினார்: "இங்கே நின்று நீங்கள் காண்பது அனைத்தும் அகஸ்டஸ் டிரெத்தோவனின் செயல்." சங்க முத்திரையில் கரும்புக்குப் பக்கத்தில் ஒரு தேரையும் ஏறியது.

1938இல் மலைக்கு அப்பாலிருந்து கடிதம் வந்தது. காண்டூலின் பள்ளத்தாக்கு விவசாயிகள் தங்களுக்கும் அறுநூறு தேரைகள் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தேரையால் எந்த வளர்ப்பு விலங்குக்கும் கேடு நேரவில்லை என்று ஒரு சான்று வேண்டும். "விஞ்ஞானியின் கையெழுத்து தேவையில்லை. டிரெத்தோவன் கையெழுத்துப் போதும்" என்று எழுதியிருந்தார்கள். அகஸ்டஸ் அந்த வரியை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை சத்தமாக, ஐவியின் காதில் விழும்படி.

சான்றில் கையெழுத்திட வேண்டிய வருடாந்தரக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, ஒரு காலையில், அவருடைய நாய் கர்னல் தொட்டிக் குழாயடியில் ஒரு தேரையைக் கவ்வியது.

கர்னலுக்கு நான்கு வயது. மாடு மேய்க்கும் ஜாதி, நீலச் சாம்பல் நிறம். அகஸ்டஸின் குதிரைக்கு இடப்பக்கமாக, அரையடி பின்தங்கி ஓடும், முந்தியதே இல்லை. பள்ளத்தாக்கில் சங்க விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்த ஒரே உறுப்பினர் என்று அவர் அதைப் பற்றிச் சொல்வதுண்டு. அகஸ்டஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தேரையைத் துப்பியது. வாயில் நுரை தள்ளியது. கால்கள் விறைத்தன. அவர் மண்டியிட்டுக் குழாயைத் திறந்து அதன் வாயைக் கழுவினார், சட்டை நனைய, திரும்பத் திரும்ப. ஆலையின் எட்டு மணிச் சங்கு ஊதியபோது கர்னல் இறந்துபோயிருந்தது. தேரை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அகஸ்டஸ் மாமரத்தடியில் தானே குழி தோண்டினார். ஐவி வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு மாமா?"

"பாம்பு."

ஐவி குழியைப் பார்த்தாள். நனைந்த சட்டையைப் பார்த்தாள். குழாயடியைப் பார்த்தாள்.

"மாமா, காண்டூலின்ல என் தங்கச்சி மேபல் இருக்கா. அவ வீட்டுல ரெண்டு நாய் இருக்கு. தவழற குழந்தை ஒண்ணு இருக்கு, கையில கிடைச்சதையெல்லாம் வாயில வைக்கிற வயசு."

"பாம்புன்னு சொன்னேன்."

"டிரெத்தோவன் சொன்னா சரிதான் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அது பொய் அல்ல என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். டிரெத்தோவன் குடும்பத்தார் பொய் சொல்வதில்லை. அது ஒரு முன்னோட்ட அறிக்கை.

கூட்ட நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. காண்டூலினிலிருந்து இரண்டு பிரதிநிதிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அகஸ்டஸ் தந்தையின் படத்துக்குக் கீழே எழுந்து நின்று மூன்றாம் ஆண்டு அறிக்கையைப் படித்தார். அது ஒரு மாதம் முன்பே எழுதி, ஹோரஸ் சுத்தமாகப் படியெடுத்து வைத்தது. வண்டு, புழு, படைவீரர்கள் என்று குரல் கம்பீரமாகவே போயிற்று.

"நான்கு: தேரையைத் தின்ற காரணத்தால் பள்ளத்தாக்கின் நச்சுப் பாம்புகள் அறவே ஒழிந்தன. கடந்த பதினான்கு மாதங்களில் ஒரு பாம்புகூடக் காணப்படவில்லை என்பதைப் பெருமையுடன்..."

அங்கே குரல் நின்றது. ஆனால் வாக்கியம் காகிதத்தில் இருந்தது. "...தெரிவித்துக்கொள்கிறோம்" என்று அவர் மெதுவாக முடித்தார்.

பத்திஸ்தா எழுந்தார். இம்முறை தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"தலைவரே, உங்க கர்னல் போனது எனக்கும் வருத்தம். நல்ல நாய். என் வேலிக்குள்ள வரும்போதுகூட அனுமதி கேக்கற மாதிரி நின்னுதான் வரும். எப்படிப் போச்சு?"

"பாம்பு கடிச்சு."

யாரோ இருமினார்கள். ஹோரஸின் பேனா நின்றது.

"பதினாலு மாசமா இந்தப் பள்ளத்தாக்குல பாம்பே இல்லன்னு இப்பதான் படிச்சீங்க."

"ஒண்ணு மிஞ்சியிருக்கலாம்."

"ஒண்ணே ஒண்ணு. அது எத்தனையோ ஆயிரம் தேரைக்கு நடுவுல, ஒண்ணைக்கூட வாயில போடாம பதினாலு மாசம் பட்டினி கிடந்து, உங்க வீட்டைத் தேடி வந்து, உங்க நாயைக் கடிச்சிட்டுப் போயிருக்கு. அப்படித்தானே தலைவரே?"

சிக்கல் பெரிது. பாம்பு உண்டு என்றால் அறிக்கை தவறு. பாம்பு இல்லை என்றால் தலைவர் தவறு. அறிக்கையும் தலைவரும் ஒருசேரச் சரியாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் அடிப்படை. காண்டூலின் பிரதிநிதிகள் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். அகஸ்டஸுக்குப் பிடரியில் தந்தையின் பார்வை சுட்டது. தொப்பியைக் கழற்றி "உடைச்சது நான்தான்" என்று சொன்ன மனிதரின் பார்வை. அவர் வாயைத் திறந்தார்.

ஹோரஸ் முந்திக்கொண்டார். "ஒரு திருத்தம் முன்மொழியறேன். தலைவரோட நாய் முதுமையால இறந்ததுன்னு இந்தச் சங்கம் தீர்மானிக்குது."

"அதுக்கு நாலு வயசுய்யா!" என்றார் பத்திஸ்தா.

"நாயோட நாலு வயசு மனுஷனுக்கு இருபத்தெட்டு" என்றார் பீபிள்ஸ்.

"இருபத்தெட்டு முதுமையா? நீரே கிட்டத்தட்ட முப்பது!"

"அது தனி ஆராய்ச்சி."

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் ஹோரஸ். கைகள் உயர்ந்தன. பத்திஸ்தாவும் கேள்வி கேட்பதற்காகக் கையைத் தூக்கினார். ஹோரஸ் அதையும் எண்ணினார். கர்னல் ஏகமனதாக முதுமையால் இறந்தது.

அகஸ்டஸ் திறந்த வாயை மூடிக்கொண்டார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மையை ஒற்றும்போது, கையெழுத்தின் கடைசிச் சுழிப்பு, வழக்கமாக மேலே போவது, அன்று கீழே இறங்கியிருந்ததைக் கவனித்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

அறுநூறு தேரைகள் வாத்திய முழக்கத்தோடு மலையேறின.

ஐந்து மாதம் கழித்து ஐவிக்கு ஒரு சிறிய பொட்டலம் தபாலில் வந்தது. மேபலிடமிருந்து. கடிதம் இல்லை. இரண்டு தோல் கழுத்துப்பட்டைகள் மட்டும். ஒன்றின் விளிம்பில் நாயின் பல் பதிந்திருந்தது. ஐவி அவற்றை மாமனாரின் தட்டுக்குப் பக்கத்தில், முள்கரண்டி வைக்கும் இடத்தில் வைத்தாள். உப்பிட்ட மாட்டிறைச்சி ஆறியது.

"குழந்தை?" என்று கேட்டார் அகஸ்டஸ். பல ஆண்டுகளில் அவர் கேட்ட முதல் நேரடிக் கேள்வி அது.

"பொழைச்சிக்கிச்சு. வாயில வெச்ச தேரையை மேபல் விரலை விட்டு எடுத்துட்டா. அதுக்கும் ஒரு கையெழுத்து வேணுமா மாமா?"

அடுத்த வருடாந்தரக் கூட்டத்தில் அகஸ்டஸ் தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை. பதவி விலகல் கடிதம் கொடுத்திருந்தார், ஹோரஸ் தலைவராகியிருந்தார். அகஸ்டஸ் பின்வரிசையில், பத்திஸ்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் தந்தையின் முகம் நேராகத் தெரிந்தது. அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"என் நாயைப் பாம்பு கடிக்கல. வயசாகியும் சாகல. தேரையைக் கவ்வித்தான் செத்துச்சு. நான் கண்ணால பார்த்தேன். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன். உடைச்சது நான்தான்."

அரங்கில் சத்தமே இல்லை. இப்படி ஓர் அமைதியில்தான் அவர் தந்தைக்கு ஒரு பாலத்தின் அளவு மரியாதை கிடைத்தது.

ஹோரஸ் மரச்சுத்தியலால் தட்டினார். "விதி பதினேழு. இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல."

"நான் உண்மையைச் சொல்றேன், ஹோரஸ்."

"உண்மை பதிவேட்டுல இருக்கு. முதுமைன்னு ஏகமனதா நிறைவேறியிருக்கு. மூணு பள்ளத்தாக்கு நம்மகிட்ட தேரை கேட்டுக் காத்திருக்கு. சங்க முத்திரையிலேயே தேரை இருக்கு. தனிப்பட்ட உறுப்பினர் ஒருத்தரோட அபிப்பிராயத்துக்காக முத்திரையை மாத்த முடியாது." பிறகு பதிவேட்டில் எழுதச் சொன்னார்: "திரு. டிரெத்தோவன் தமது நாயை அன்புடன் நினைவுகூர்ந்தார்."

"அப்ப அந்தக் கல்லையாவது எடுத்துடுங்க" என்றார் அகஸ்டஸ். அவர் குரலில் அதுவரை யாரும் கேட்டிராத ஏதோ ஒன்று இருந்தது. கெஞ்சல் என்று சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை.

"விதி இருபத்திரண்டு" என்றார் ஹோரஸ். "வாசகத்துல பிழை இருந்தா கல்லை எடுக்கலாம். உறுப்பினர் ரெண்டு பேர் போய்ப் பார்த்துப் பிழை இருக்குன்னு எழுதிக் குடுக்கணும். யார் போறீங்க?"

பத்திஸ்தா கையைத் தூக்கினார். இம்முறையும் எண்ணப்பட்டது.

மறுநாள் காலை இருவரும் பாலத்தின் முகப்பில் போய் நின்றார்கள். எதிரே மலையடிவாரம் வரை கரும்பு மஞ்சளித்துச் சாய்ந்து கிடந்தது. சாயாமல் நின்றவற்றின் உச்சியில் வண்டுகள் ரீங்கரித்துக்கொண்டிருந்தன. யாரும் அவற்றைத் தொந்தரவு செய்யவில்லை. ஓடைக்கரையில் முன்பெல்லாம் வெயில் காயும் உடும்புகளில் ஒன்றுகூட இல்லை. கொராடினியின் வேலியோரம் மூன்று சிறிய மண்மேடுகள், மூன்று நாய்கள். அப்பால் டிரெத்தோவன் கொல்லையில் தேனீப் பெட்டிகள் தரையைத் தொடாமல் கால்மேல் நின்றன. கல்லின் அடியில் நிழலுக்கு ஒதுங்கி ஏழெட்டுத் தேரைகள், வாடகை கொடுத்தவர்களைப் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தன.

பத்திஸ்தாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கல்லில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினார். "இங்கே... நின்று... நீங்கள்... காண்பது... அனைத்தும்..." அங்கே நிறுத்தி, நிமிர்ந்து, மலையடிவாரம் வரை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார். பிறகு கடைசி எழுத்துவரை படித்து முடித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

அகஸ்டஸ் முதுகை வளைக்காமல் காத்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க தலைவரே" என்றார் பத்திஸ்தா, தொப்பியைக் கழற்றியபடி. "நானும் ரெண்டு தடவை தேடிட்டேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."